கருநிறப் பால்விலங்கு

1937ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30ஆம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சேலம் ஜில்லாவில் ராசிபுரத்திலிருந்து வெண்ணந்தூர் போகும் பாதையில் உள்ள கருங்கல்மேடு பஞ்சாயத்து போர்டின் பவுண்டில், அதாவது பயிர் மேய்ந்த மாடுகளை அடைக்கும் பட்டியில், ஒரு சினை எருமை அடைக்கப்பட்டது. சின்னுசாமி என்பவரின் சோளக்காட்டில் மேய்ந்தது என்பது பதிவேட்டில் கண்ட குற்றம்.

எருமைக்குச் சொந்தக்காரி பாப்பாயி. ஆட்டையாம்பட்டியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் போய் ஆறு வருஷம். அந்த ஓர் எருமையின் தயிரைச் சந்தையில் விற்றுத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. எருமை ஈனுவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. செய்தி தெரிந்ததும் அபராதக் காசை முந்தானையில் முடிந்துகொண்டு பத்து மணிக்கெல்லாம் பவுண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். பவுண்டுக் காவலாள் சடையன் சுவரோரம் குந்தியிருந்தான்.

"அக்கா, காசை வாங்கிக்குவேன். ஆனா ரசீது குடுக்க முடியாது. ரசீது குடுக்காம எருமைய உட முடியாது."

"ஏஞ் சடையா, ரசீது பொஸ்தகம் தீந்து போச்சா?"

"தீரலக்கா. ரசீது விசாரணையில இருக்குது."

"அது யாரு ஊட்டுல திருடுச்சு?"

"திருடலக்கா. அது பாரசீகமாமா."

"அப்பிடின்னா?"

"எனக்கென்ன தெரியும்? ஏதோ ஒட்டிக்கிற வியாதியாட்ட இருக்குது. யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க."

அப்படியானால் கதவையாவது திறந்து எருமைக்குத் தண்ணீர் காட்டும்படி பாப்பாயி கேட்டாள். சடையன் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் காட்டினான். அதில் சிவப்பு நூல் சுற்றி அரக்கு முத்திரை வைத்திருந்தது.

"இதும் விசாரணையிலதான் இருக்குது. இது பாரசீகங்கூட இல்ல, வேற என்னமோ. அதவிட மோசமாமா."

இந்த நிலைமைக்குக் காரணம் ஜூலை மாதத்துப் போர்டுக் கூட்டத்தில் நிறைவேறிய பதினான்காவது தீர்மானம். போர்டுத் தலைவர் அருணகிரி சென்னைக்கு ஒரு மாநாட்டுக்குப் போய் வந்திருந்தார். நம் நாவில் புழங்கும் சொற்களில் பாதி அந்நிய நாட்டுச் சொற்கள் என்று அங்கே ஒருவர் பேசக் கேட்டு, ரயிலில் திரும்பும்போது தூங்கவில்லை. ஊருக்கு வந்ததும் சொற்பிறப்பு விசாரணைச் சபை என்று ஒன்றை ஏற்படுத்தி அதற்கும் தாமே தலைவரானார். போர்டு ஆபீஸில் வழங்கும் ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது என்று விசாரிக்கப்படும். விசாரணை முடியும் வரை அந்தச் சொல் குறிக்கும் பொருளைப் போர்டுக்குச் சொந்தமான இடத்தில் யாரும் உபயோகிக்கக் கூடாது. சொல்லை நிறுத்திவிட்டுப் பொருளை வைத்துக்கொண்டால் பொருள் வழியாகச் சொல் திரும்பி வந்துவிடும் என்று தலைவர் விளக்கினார்.

பட்டியல் தயாரித்தவர் போர்டு குமாஸ்தா தோமினிக். சேலத்துக் கத்தோலிக்கர். பள்ளிக்கூட நாளில் ஒரு வயோதிகப் பாதிரியாரிடம் லத்தீனும் கொஞ்சம் போர்த்துக்கீசும் படித்தவர். நல்ல பெயர் வாங்கலாம் என்ற ஆசையில் இரவு பகலாக உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு சொற்களுக்குப் பிறந்த ஊர் எழுதிக் கொடுத்தார். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, பேனா, ஏலம் ஆகியவை போர்த்துக்கீசு. ரசீது, தராசு, குமாஸ்தா ஆகியவை பாரசீகம். நகல், வக்கீல், தாலுகா ஆகியவை அரபு. பட்டியலை ஒப்புவித்த மறுநாள் அவருடைய மேசையை எடுத்துக்கொண்டு போனார்கள். நாற்காலி தமிழாக இருந்தபடியால் அது தங்கியது. பேனாவும் போன பிறகு, பழைய கணக்குப்பிள்ளை ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து எழுத்தாணி ஒன்றும் பனையோலைக் கட்டு ஒன்றும் வந்து சேர்ந்தன. குமாஸ்தா என்ற சொல்லே விசாரணையில் இருந்ததால் அவர் தம் பதவியின் பெயரைப் போடாமல் கையெழுத்திட்டு வந்தார்.

பூட்டுகளின் விஷயத்தில் விதி நேர்மையாகவே நடத்தப்பட்டது. சாவிக்கு முத்திரை வைத்த நேரத்தில் போர்டு ஆபீஸ் திறந்திருந்தது. ஆகவே பிறகும் இரவு பகல் திறந்தே கிடந்தது. பவுண்டு பூட்டியிருந்தது, ஆகவே அது பூட்டியே இருந்தது. உள்ளே மாடு விடுவதும் தீனி போடுவதும் எப்படி என்ற கேள்வி எழுந்தபோது, ஏணி கலப்பற்ற தமிழ்ச்சொல் என்று பண்டிதர் மாரியப்பன் சான்று கொடுத்தார். இவர் சபையின் மற்றோர் அங்கத்தினர், மிடில் ஸ்கூல் தமிழாசிரியர். பாப்பாயியின் எருமையை அன்று காலை சுவருக்கு வெளியே மண் குவித்து மேடாக்கி அதன்மேல் ஏற்றி உள்ளே தள்ளினார்கள். உட்பக்கம் மேடு இல்லை.

பாப்பாயி தினமும் ஏணி வைத்து ஏறிப் புல்லும் தண்ணீரும் இறக்கினாள். சபை திங்கட்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்குக் கூடும் என்று கேள்விப்பட்டு, செப்டம்பர் 6ஆம் தேதி போர்டு ஆபீஸ் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். அன்று தோமினிக் அவளைத் தனியே அழைத்து ஒரு விஷயம் சொன்னார்.

"அம்மா, ஏழு நாளுக்குள்ள மீட்காத மாட்டை ஏலம் போடலாம்னு சட்டம். உங்க எருமைக்கு இன்னியோட ஏழு நாள்."

"நாந்தான் மொத நாளே காசோட வந்தனுங்களே சாமி!"

"வந்தீங்க. வந்ததுக்கு ரசீது இருக்குதா?"

பாப்பாயி முந்தானையில் முடிந்திருந்த காசைத் தொட்டுப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. ஏலமும் விசாரணையிலதான் இருக்குது. அது தீர்றதுக்குள்ள ரசீது தீர்ந்துட்டா எருமை உங்களுக்கு. ரசீதுக்கு முன்னாடி ஏலம் தீர்ந்துட்டா…" என்று சொல்லி, தெருவில் குடை பிடித்துப் போய்க்கொண்டிருந்த சின்னுசாமியைப் பார்த்தார். சின்னுசாமி அருணகிரியின் மைத்துனர். அந்த எருமை வேளைக்கு நாலு படி கறக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். போன வருஷமே அவர் அதை விலைக்குக் கேட்டும் பாப்பாயி தரவில்லை என்பதும் தெரியும். எருமை கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு அவருடைய சோளக்காட்டுக்கே போனதாகச் சொல்லப்பட்டதைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை.

அன்றைய கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட்ட சொல் சாவி. தோமினிக் அதன் வரலாற்றைச் சொன்னார். போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தார்கள், பூட்டும் கொண்டுவந்தார்கள், சொல் கூடவே இறங்கியது. பண்டிதர் எழுந்து மறுத்தார். சாவி ஆதியில் தமிழே. பழங்காலத்தில் நம் வணிகர்கள் அதை மேல்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். போர்த்துக்கீசியர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். வட்டி கூடத் தரவில்லை. ஆதாரம் என்ன என்று தலைவர் கேட்டார். கொண்டுபோனதற்கு ஆதாரம் இல்லாததே கொண்டுபோனதற்கு ஆதாரம், களவு கொடுத்தவனிடம் பொருள் இராது என்றார் பண்டிதர்.

தலைவர் நெடுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். சொல் நம்முடையதாகவே இருக்கட்டும். ஆனால் அது கடல் கடந்து போய்த் திரும்பியிருக்கிறது. சீமைக்குப் போய்த் திரும்பிய மனிதனைப் பிராயச்சித்தம் இல்லாமல் பந்தியில் சேர்ப்பதில்லை. ஆகவே சாவி இருபத்தொரு நாள் தனித்து வைக்கப்பட வேண்டியது. சடையனிடமிருந்து சாவியை வாங்கி ஒரு மண்சட்டியில் போட்டு மூடிக் கூரையில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

பிறகு அருணகிரி சபையின் நோக்கம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சைப் பதிவு செய்யும்போது விசாரணையில் உள்ள சொற்களை எழுதக்கூடாது என்பதால் தோமினிக் அந்த இடங்களைக் காலியாக விட்டார். ஓலையில் எஞ்சியது பின்வருமாறு: "நான் … ஆன நாள் முதல் … … நம் … யாராலும் … முடியாது. இந்த … ஒழியும் வரை நான் … விடமாட்டேன்." பேச்சு சுருக்கமாகவும் உருக்கமாகவும் இருப்பதாகத் தலைவர் படித்துப் பார்த்து மகிழ்ந்தார்.

அடுத்த வாரம், சாவிக்குப் பதில் திறவுகோல் என்று பழைய நல்ல சொல் இருக்கிறதே, அதை வைத்துப் பூட்டைத் திறந்தால் என்ன என்று பண்டிதரே கேட்டார். தோமினிக் முகம் மலர்ந்து, அந்தச் சொல் தங்கள் ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது, மோட்சத்தின் திறவுகோல் என்று ஞாயிறுதோறும் வாசிக்கிறோம் என்றார். இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு மதத்தாரின் மோட்சத்துக்கு உபயோகமாகும் பொருளைப் பஞ்சாயத்துப் பவுண்டுக்கு உபயோகிப்பது பாரபட்சம் என்று தலைவர் அந்தச் சொல்லை நிராகரித்தார்.

செப்டம்பர் 20ஆம் தேதி சபை முதன்முறையாக ஒரு சொல்லை ஏகமனதாகச் சுத்தத் தமிழ் என்று ஒப்புக்கொண்டது. அந்தச் சொல் கள். பதினோரு நாள் கழித்து, அக்டோபர் முதல் தேதி, சேலம் ஜில்லாவில் மதுவிலக்குச் சட்டம் அமலுக்கு வந்தது.

கள்ளை ஒப்புக்கொண்ட அன்றே, சபை என்பது வடமொழி அல்லவா என்று வந்திருந்தவர்களில் ஒருவர் கேட்டார். அதை விசாரணைக்கு எடுத்தால் சபை நின்றுபோகும், சபை நின்றால் விசாரிக்க ஆள் இராது, ஆகவே அந்தச் சொல் எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும் என்று தலைவர் பதில் சொன்னார்.

செப்டம்பர் 27ஆம் தேதி ரசீதின் முறை வந்தது. தோமினிக் பிறப்பிடம் சொல்லி முடித்ததும், வாசற்படியில் இருந்த பாப்பாயி எழுந்து கும்பிட்டாள்.

"ஏனுங்க சாமி, நான் ஒண்ணு சொல்லலாமுங்களா?"

"சொல்."

"நாங்கூட இந்த ஊர்ல பொறக்கலீங்க. ஆட்டையாம்பட்டியில பொறந்தனுங்க. என்னைய எந்தக் கூட்டம், எந்தச் சாமி கும்புடறவங்கன்னு கண்ணாலத்துக்கு முன்னாடி கேட்டாங்க, வாஸ்தவந்தான். தாலி கட்டினதுக்கப்பறம் யாரும் கேக்கலீங்களே. ஊட்டுக்கு வந்த மருமவள இருவது வருசங் கழிச்சு ஏணி வெச்சு வெளிய தள்ளுவீங்களா?"

கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அருணகிரி சிரிக்கவில்லை. இதில் ஒரு கொள்கை இருப்பதாகக் கண்டார். சபை அந்த இடத்திலேயே ஒரு விதி செய்தது: மூன்று தலைமுறையாக இந்த ஊரில் குடியிருந்து வருவதாகச் சாட்சி மூலம் ருசுவாகும் சொல்லைக் குடியேறிய சொல்லாக ஏற்கலாம். சாட்சி எழுபது வயதுக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும். ருசு எந்த ஊர்ச் சொல் என்று தோமினிக் கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

பாப்பாயி அக்டோபர் 4ஆம் தேதி அத்தாயி என்ற கிழவியை அழைத்து வந்தாள். எண்பது வயது. புருஷனும் மாமனாரும் பயிர்பாடு செய்தவர்கள். வழியெல்லாம் பாப்பாயி அவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லிக் கொடுத்தாள்: கேட்டதற்கு உள்ளதைச் சொல்லு ஆயா.

"ரசீது என்பதை எவ்வளவு காலமாக அறிவீர்கள்?" என்று கேட்டார் தலைவர்.

"கேள்விப்பட்டிருக்கறனுங்க."

"பார்த்திருக்கிறீர்களா?"

"எங்கீங்க சாமி பாக்கறது? என்ற மாமனாரு கிஸ்தி கட்டினாரு. நாளைக்குத் தாரேன்னு சொன்னாங்க. என்ற ஊட்டுக்காரரு அறுவது வருசம் கட்டினாரு. அவருக்கும் நாளைக்குன்னாங்க. இப்ப மவன் கட்டறானுங்க. மூணு தலமொறையா அந்த ரசீதுங்கறது எங்கூட்டு வாசப்படி மிதிச்சதே இல்லீங்க."

சாட்சியம் தெளிவாக இருந்தது. இந்த ஊரில் மூன்று தலைமுறையாக ரசீது குடியிருக்கவில்லை என்று ருசுவாகிவிட்டதால் அந்தச் சொல் நீக்கப்பட்டது. மாற்றுச் சொல் தேடும் வேலையைப் பண்டிதர் ஒரு வருஷத்துக்குள் முடித்துத் தருவதாக ஏற்றுக்கொண்டார்.

"ஏம் புள்ள, நான் என்னமாச்சும் தப்பாச் சொல்லிப்போட்டனா?" என்று அத்தாயி திரும்பும் வழியில் கேட்டாள்.

"இல்ல ஆயா. நீ உள்ளதத்தான் சொன்ன."

மறுநாள் விடியற்காலையில் எருமை பவுண்டுக்குள் ஒரு கிடேரிக் கன்றை ஈன்றது. சடையன் ஓடிவந்து பாப்பாயியை எழுப்பினான். கன்றைப் பதிவேட்டில் எழுத வேண்டுமா என்று தோமினிக் யோசித்தார். பதிவேட்டில் வந்த வழி என்று ஒரு பத்தி இருந்தது. கன்று வாசல் வழியாகவும் வரவில்லை, சுவர் வழியாகவும் வரவில்லை. எழுதாமல் விட்டார். பாப்பாயி காலையும் மாலையும் ஏணி ஏறி இறங்கிக் கறந்தாள். சீம்பாலில் ஒரு பங்கு வழக்கப்படி அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போயிற்று. ஒரு பங்கு சபைக்கும் வந்தது. அங்கத்தினர்கள் சொல்லை விசாரிக்காமலே சாப்பிட்டார்கள்.

கன்று பிறந்த செய்தி சின்னுசாமிக்கும் எட்டியது. 11ஆம் தேதி சபை வழக்கத்துக்கு மாறாக அரை மணி முன்னதாகவே கூடி, வரிசையில் நூற்று எண்பதாவதாக இருந்த ஏலத்தை முதலாவதாக எடுத்தது. கால் மணியில் அதற்குக் கூவிவிலையேற்றம் என்று பெயர் வைத்தார்கள். ஏலம் விட்டால் கதவைத் திறக்க வேண்டுமே என்பதற்காக, இருபத்தொரு நாள் முடிந்து சட்டியில் தொங்கிய சாவியை இறக்கிப் பூட்டுநீக்கி என்று பெயர் சூட்டினார்கள். பவுண்டு மாடடைப்பகம் ஆயிற்று. காகிதத்துக்குத் தாள் என்று சான்று கிடைத்தது.

"ரசீது எப்பங்க சாமி வரும்?" என்று கேட்டாள் பாப்பாயி.

"அடுத்த ஆண்டு" என்றார் தலைவர். "அவசரப்பட்டு மொழியைக் கெடுக்க முடியாது."

கூவிவிலையேற்றத்துக்கு அக்டோபர் 25ஆம் தேதி குறிக்கப்பட்டது. நோட்டீஸில் அக்டோபர் என்று எழுதலாமா என்று பண்டிதர் தடை எழுப்பினார். தலைவர் தோமினிக்கைப் பார்த்தார்.

"லத்தீனுங்க. எட்டாம் மாதம்னு அர்த்தம். ரோமாபுரியில அந்தக் காலத்துல வருஷம் மார்ச்சுல ஆரம்பிச்சுது. அப்ப இது எட்டாவது…"

"விளக்கம் வேண்டாம். மூலப் பொருள் எதுவோ அதையே எழுதுங்கள். எட்டாம் மாதம்."

"ஜனங்களுக்கு…"

"மூலம் தெரிந்தால் ஜனங்களுக்கு எல்லாம் தெரியும்."

எருமை தமிழ்ச்சொல்தான். ஆனாலும் அது தெருவில் வசவாக வழங்குவதால் சர்க்கார் சம்பந்தமான நோட்டீஸில் அச்சிடக் கூடாது என்று தலைவரே திருத்தினார். வாசற்படியில் இருந்த பாப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆறு திங்கட்கிழமைகளாக அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் வந்தது என்று சபை அங்கத்தினர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுக்கு நடுவில் வேறு வேலை இருந்தது.

18ஆம் தேதி நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

"மாடடைப்பகத்துள் உறையும் கருநிறப் பால்விலங்கு ஒன்று, எட்டாம் மாதம் இருபத்தைந்தாம் நாள் மாலை நான்கு மணிக்குக் கூவிவிலையேற்றத்திற்கு உட்படும்."

சந்தைக்கு வந்த ஜனங்கள் நின்று பார்த்தார்கள். சர்க்கஸ் வருகிறது என்று சிலரும், மாரியம்மன் கோயிலில் ஏதோ பலி என்று சிலரும் நினைத்தார்கள். சின்னுசாமி கொஞ்சம் படித்தவர். சபை எருமையைத்தான் சொல்கிறது என்று அரை நாழிகையில் கண்டுபிடித்துவிட்டார். தேதிதான் அவரைக் குழப்பியது. நேராக மைத்துனரிடம் போனார்.

"ஏனுங் மச்சான், நோட்டீசுல தேதி…"

அருணகிரி கையை உயர்த்தினார். "போர்டு விஷயத்தை உனக்கு வாய்மூலம் சொன்னால் பாரபட்சம். ஊருக்கு என்னவோ அதுதான் உனக்கும். நோட்டீஸ் பளிங்கு மாதிரி இருக்கிறது. அதைப் படித்துப் புரியாதவன் தமிழனே அல்ல."

சின்னுசாமி அதற்குமேல் கேட்கவில்லை. எட்டாம் மாதம் என்பது ஆகஸ்டு என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இந்த வருஷத்து ஆகஸ்டு 25 எருமை அடைபடுவதற்கு முன்பே போய்விட்டது. ஆகவே வருகிற வருஷம், ரசீதுக்கும் மைத்துனர் அடுத்த ஆண்டு என்றுதானே சொன்னார், எல்லாம் யோசித்துத்தான் செய்கிறார் என்று முடிவு செய்தார். 24ஆம் தேதி குடும்பத்தோடு குமாரபாளையத்துக்கு ஒரு காதுகுத்துக்குப் புறப்பட்டார்.

25ஆம் தேதி மாலை நான்கு மணிக்கு மாடடைப்பகத்தின் முன் தலைவர், பண்டிதர், தோமினிக், சடையன், பாப்பாயி ஆகிய ஐந்து பேர் இருந்தார்கள். பூட்டுநீக்கியால் கதவு திறக்கப்பட்டது. தலைவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"சின்னுசாமி எங்கே?"

"கொமாரவாளையம் போயிட்டாருங்க. காதுகுத்துக்கு" என்றான் சடையன்.

"இன்றைக்கா?"

"அவுங்களுக்கு இன்னைக்கித்தானுங்க காது."

தலைவர் தோமினிக்கிடம் குனிந்து, வேறொரு நாளைக்கு ஒத்திவைக்கலாம் என்றார்.

"தாராளமாங்க. காரணம் எழுதணும்."

"யாரும் வரவில்லை என்று எழுதுங்கள்."

"பாப்பாயி வந்திருக்காங்க. மத்தவங்க ஏன் வரலைன்னு எழுதணும். நோட்டீஸ் ஜனங்களுக்கு விளங்கலைன்னு எழுதட்டுங்களா?"

பண்டிதர் தலைவரைப் பார்த்தார். தலைவர் எருமையைப் பார்த்தார். எருமை கன்றை நக்கிக்கொண்டிருந்தது.

"விளங்காமல் என்ன?" என்றார் அருணகிரி. "எல்லோருக்கும் விளங்கிற்று. நடத்துங்கள்."

தலைவர் தாமே விலை கேட்கலாமா என்று பண்டிதர் மெதுவாக வினவினார். அடைப்பகத்தின் அதிகாரிகளும் சிப்பந்திகளும் எடுக்கக்கூடாது என்று சட்டத்தில் இருப்பதைத் தோமினிக் வாசித்துக் காட்டினார்.

சடையன் மூன்று முறை கூவினான். முதல் தடவையே பாப்பாயி எட்டணா என்றாள். இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் வேறு குரல் எழவில்லை. பால்விலங்கு பாப்பாயி பேருக்கு முடிந்தது. கன்று பதிவேட்டில் இல்லாததால் அதைப் பற்றிப் பேச்சு வரவில்லை. அவள் எட்டணாவைக் கொடுத்துவிட்டு, எருமையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கன்று பின்னால் வந்தது. பணம் பெற்றுக்கொண்டதற்கு அவளிடம் எதுவும் தரப்படவில்லை.

சபை நவம்பர் மாதத்தில் இரண்டு முறை கூடியது. டிசம்பரில் கூடவில்லை.